பழுத்ததை மட்டும் பறிக்கும் கைகள்

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடியைச் சுற்றிய பகுதிகளில் காப்பித் தோட்டம் என்பது பெரும்பாலும் சில ஏக்கர் நிலமும் ஒரு குடும்பத்தின் உழைப்புமே. கோடைமழைக்குப் பூக்கும் அராபிகாச் செடியில் காய்கள் ஒருசேரப் பழுப்பதில்லை. ஒரே கொப்பில் பச்சைக்காயும் செம்பழமும் அடுத்தடுத்து நிற்கும். உருவிப் பறிப்போருக்கு ஒரே முறையில் வேலை முடியும். பழத்தை மட்டும் தேர்ந்து பறிப்போர் அதே செடிக்கு மூன்று, நான்கு முறை திரும்ப வரவேண்டும். ஏறத்தாழ 6 கிலோ பழத்திற்கு ஒரு கிலோ கொட்டையே தேறும். சுவைத்துத் தரம் காண்போர் 100-க்கு 80 மதிப்பெண்ணேனும் இட்டால்தான் ‘சிறப்புக் காப்பி’ என்னும் பெயர் கிட்டும். பச்சைக்காய் கலந்து கெட்ட சுவையை எந்த வறுப்பாலும் மீட்க இயலாது.

முன்னர் விளைச்சல் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்ந்தது; எவர் தோட்டத்துக் கொட்டை என்னும் அடையாளம் அதில் கரைந்தது. 1996-இல் அம்முறை முடிவுற்று, தாமே விற்கும் உரிமை முழுமையாக வந்தது. விலை சொல்லும் உரிமைதான் வரவில்லை. பிரேசிலில் உறைபனி விழுந்தால் நியூயார்க் சந்தையில் விலை ஏறும், தாண்டிக்குடியிலும் ஏறும். அங்கே விளைச்சல் பெருகினால் இங்கே இறங்கும். நான்காம் முறையாகச் செடியருகே சென்ற கால்களுக்கு அக்கணக்கில் இடமில்லை. (நகரத்துக் கடையில் ஒரு கோப்பையின் விலையைச் சொல்லவே வேண்டா.)

விலை வீழ்ந்த ஆண்டில் நிழல்மரத்தை வெட்டி விற்கும் நிலை குடும்பத்திற்கு நேரலாம். நிழல் குறைந்த செடியைத் தண்டுத்துளைப்பான் எளிதில் தாக்கும். மறுநடவு காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே, சிறப்புக் காப்பி வாங்குவோர் பறிப்பு தொடங்குமுன்பே விலையை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். இதனைச் சலுகை என்பது பிழை. செய்த வேலைக்குரிய கூலி இது. குடும்பத்தாரோடு பறிக்கவரும் பெண்களின் நாட்கூலியும் அவ்விலையில் அடங்கவேண்டும்.