உயிர்களின் பெயரில் வாழும் மனிதர்

நுவரெலியாவிலும் ஹற்றனிலும் கொழுந்து கொய்வோர் நாள்தோறும் தொடும் செடிக்கு விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் கமீலியா சைனென்சிஸ். கமீலியா என்பது, பிலிப்பைன்ஸ் தீவுகளில் மூலிகைகளை ஆராய்ந்து 1706ஆம் ஆண்டில் மறைந்த கமெல் என்னும் இயேசு சபைத் துறவியின் நினைவாக லின்னேயஸ் அமைத்த பெயராகும். தேயிலைக்கு நிழல் தரும் கிரவிலியா மரமும் கிரவில் என்னும் ஆங்கிலப் பெருமகனின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

காட்டினுள் புகுந்தாலும் இதுவே நிலை. ஹோட்டன் சமவெளியில் வளரும் கீன மரம் கலோபில்லம் வாக்கரி எனப்படும். இம்மலைகளிற் செடிகளைத் திரட்டிய வாக்கர் என்ற படையதிகாரியை அது நினைவூட்டுகின்றது. ஓடைக்கரைகளில் வாழும் சீழ்க்கைப் பறவையொன்றை 1872ஆம் ஆண்டில் விவரித்த ஹோல்ட்ஸ்வோர்த், பிளை என்ற கோப்பித் தோட்டத்துரையின் பெயரை அதற்கு இட்டார்.

இவர்கள் பெயர் பெற்றமை பற்றி நாம் அழுக்காறு கொள்ள வேண்டியதில்லை. நன்றி பாராட்டுதல் நல்லோர் இயல்பே. எனினும், துரைமார் தனியராகவா மலையேறினர்? வழி காட்டியவரும் சுமை தூக்கியவரும் இந்நாட்டு மக்களே. அன்னாருட் பெயர் பெற்றோர் மிகச் சிலர். பேராதனைப் பூங்காவில் பல்லாண்டுகள் செடிகளை வரைந்த ஹரமானிஸ் த அல்விஸ் என்னும் சிங்கள ஓவியர் அச்சிலருள் ஒருவர். இலையற்ற சிறு ஓர்க்கிட் ஒன்று தெனியோபில்லம் அல்விசி என அவர் பெயரால் வழங்குகின்றது.

விஞ்ஞான உலகிற் பெயரிடும் உரிமை, ஓர் உயிரை முதலிற் கண்டவனுக்கு உரியதன்று. அதன் இயல்புகளை முறைப்படி எழுதி அச்சேற்றியவனுக்கே உரியது. அவ்வாறு நிலைபெற்ற பெயரைப் பின்வந்தோர் தம் விருப்பம்போல் மாற்றுதலும் எளிதன்று. ஆதலின், பழைய பெயர்களைப் பழித்துக் காலங்கழிப்பதினும், கண்டதை எழுதிவைக்கக் கற்பதே நமக்கு நலம் பயக்கும் என்பது என் துணிபு.

தோட்டத்து மூதாட்டியர் எத்தனையோ பச்சிலைகளைப் பெயர் சொல்லி அறிவர். அப்பெயர்கள் ஏடேறாமல் அவர்களோடு மறைந்துவிடும். விடுமுறையில் வீடு செல்லும் மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் பாட்டியாரிடம் பத்துச் செடிகளின் பெயரையும் பயனையும் கேட்டு, கண்ட இடத்தையும் நாளையும் சேர்த்துக் குறித்து வருவாராக. உயிரியல் ஆசிரியர் அவற்றின் அருகே விஞ்ஞானப் பெயரை எழுதட்டும். தமிழாசிரியராகிய நாங்கள், மூதாட்டியர் சொன்ன சொல்லைத் திருத்தாது, கேட்டபடியே காப்போம். பழைய மாணவர் சங்கத்தார் அத்தொகுப்பை நூலாக்கித் தருவராயின், நம் கல்லூரியின் விழாவுக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறு வேண்டுவதில்லை.