செருப்பும் காலும்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் மத்தியதர வர்க்கத்துக்கு ஒரு ஜுரம் கண்டுவிடுகிறது. பிளஸ் டூ மார்க் வந்த அன்றைக்கு ஏறுகிற ஜுரம், கல்லூரியில் பணம் கட்டி ரசீது வாங்கினால்தான் இறங்கும். எந்தக் கல்லூரி, அதற்கு எத்தனையாவது ராங்க், போன வருஷம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளம் எவ்வளவு? இதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. கல்லூரிக்குத் தகுந்த பிள்ளைதானா என்று கவலைப்படுகிறோமே தவிர, பிள்ளைக்குத் தகுந்த கல்லூரிதானா என்று கவலைப்படுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு காலைச் செதுக்குகிற காரியம் இது.

பெரும்பாலான பிள்ளைகள் இந்தச் செதுக்கலை எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையால் அது முடிவதில்லை. முடியவில்லை என்றவுடன் நாம் குற்றத்தைச் செருப்பின் மேல் போடுகிறோமா? இல்லை, காலின் மேல் போடுகிறோம்.

ஆட்டிசத்துக்குத் தமிழில் ‘மதியிறுக்கம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருப்பார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிப் பாருங்கள். இறுகிப் போயிருப்பது யாருடைய மதி என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

நண்பர் ஒருவர் தம் மகனைச் சேர்ப்பதற்காகப் போனபோது நானும் கூடப் போனேன். கல்லூரியின் பெயர் வேண்டாம்; அதைப் போல நூறு இருக்கின்றன. பையன் நன்றாகப் படிப்பவன். பேச்சு மட்டும் அளந்து வரும். பெரும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். முதல்வர் மரியாதையாகத்தான் பேசினார்.

“எங்களுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான் சார். யாருக்கும் தனிச் சலுகை கிடையாது, யாரையும் ஒதுக்கவும் மாட்டோம்.”

நண்பருக்கு ஏக சந்தோஷம். அப்போது பையன் ஒரு கேள்வி கேட்டான்: “மத்தியானம் நான் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்?”

முதல்வர் சிரித்துவிட்டார். “கான்டீன்லதான் தம்பி! எல்லாரோடும் கலகலப்பா இருக்கணும், தெரியுதா?”

அந்த அறையில் அன்று கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஐந்நூறு பேர் கத்துகிற கொட்டகையில் தட்டுகள் மோதுகிற சத்தத்துக்கு நடுவே அவனால் ஒரு கவளம் இறங்காது. சாப்பிடாதவன் பிற்பகல் வகுப்பில் என்ன கேட்பான்? ஒரு மாதம் பார்ப்பான். பிறகு கல்லூரிக்கே போகமாட்டேன் என்பான். வருகைப் பதிவு குறைந்துவிட்டது என்று கடிதம் வரும். “அவனுக்குப் படிப்பு ஒத்து வரவில்லை” என்று உறவினர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஒத்து வராதது படிப்பல்ல, சாப்பாட்டுக் கொட்டகை!

“எல்லாரும் ஒன்றுதான்” என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. கொக்கை விருந்துக்கு அழைத்த நரிகூடச் சமமாகத்தான் பரிமாறியது; இருவருக்கும் ஒரே மாதிரித் தட்டு. நம் கல்லூரிகள் பேசுகிற சமத்துவம் அந்த நரியின் சமத்துவம்.

இதைத் தயவு தாட்சண்யமாக யாரும் கேட்க வேண்டியதில்லை. 1995-ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் ஆட்டிசம் இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கியது. ஆட்டிசமும் அதில் சேர்ந்தது. குறைபாடு 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு அரசு உயர்கல்வி நிலையங்களிலும், அரசின் உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களிலும் ஐந்து சதவிகிதத்துக்குக் குறையாத இடம் ஒதுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அத்தோடு நிற்கவில்லை. அரசு பணம் கொடுக்கிற, அல்லது அங்கீகாரம் கொடுக்கிற கல்வி நிலையங்கள் அந்தந்த மாணவனின் தேவையை அனுசரித்து நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தரும்படி பார்த்துக்கொள்வதை அரசின் பொறுப்பாகவும் வைத்திருக்கிறது. ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியே அனுசரித்து என்பதைக் கவனியுங்கள். “எல்லாருக்கும் ஒரே மாதிரி” என்பது இந்தச் சட்டத்தின் பாஷையே அல்ல.

இடஒதுக்கீடு வாசலைத் திறக்கிறது. திறந்த வாசலில் நுழைந்தவனுக்கு உள்ளே உட்கார இடம் போட வேண்டாமா? சேர்க்கைப் பட்டியலில் கணக்கைக் காட்டிவிட்டு அதோடு கடமை தீர்ந்தது என்று நினைக்கிற கல்லூரி, விருந்தாளியை நடையிலேயே நிற்க வைக்கிற வீட்டைப் போன்றது.

“அறுபது பேருக்கு ஒரு ஆசிரியர். ஒருவனுக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்களே, என்ன செய்வது?” என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய கஷ்டம் பொய்யல்ல. ஆனால் இந்த மாணவர்களில் பலர் கேட்பது என்ன? பாடக் குறிப்பை முன்கூட்டியே எழுத்தில் கொடுப்பது. வகுப்பறையோ நேரமோ மாறினால் முதல் நாளே சொல்லிவிடுவது. பரீட்சைக்கு ஒரு அமைதியான அறை. மனம் தத்தளிக்கிறபோது பத்து நிமிஷம் தனியே உட்கார நூலகத்தில் ஒரு மூலை. எதற்கும் போய் நிற்கத்தக்க ஒரே ஒரு ஆசிரியர். இவற்றில் எதற்குக் கட்டடம் கட்ட வேண்டும்? எதற்கு நன்கொடை வசூலிக்க வேண்டும்? மற்றவர்களும் கேட்டால் அவர்களுக்கும் கொடுங்களேன்! முதல் நாளே குறிப்புக் கிடைத்ததால் கெட்டுப்போன மாணவன் எந்த ஊரில் இருக்கிறான்?

பரீட்சை விஷயத்தில் விதியே இருக்கிறது. எழுதுவதில் சிரமமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு வழிமுறை வெளியிட்டது. மூன்று மணிப் பரீட்சை என்றால் ஒரு மணி நேரம். ஒரு கல்லூரியில் சேருவதற்கு முன் பரீட்சை அலுவலகத்தில் போய் இதைக் கேட்டுப் பாருங்கள். “இதற்கு இன்ன படிவம், இன்ன தேதிக்குள் கொடுங்கள்” என்று குமாஸ்தா சொன்னால் அது நல்ல கல்லூரி. “அப்படி ஒன்று உண்டா?” என்று அவர் உங்களைத் திருப்பிக் கேட்டால், வாசலில் எத்தனை நட்சத்திரத்தோடு தரச் சான்று தொங்கினாலும் வேறு இடம் பாருங்கள்.

“உலகம் இவனுக்காக மாறுமா? இப்போதே பழகிக்கொள்ளட்டும்” என்பது இன்னொரு கட்சி. இப்படிச் சொல்கிற பெரியவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சொல்கிறார். கண் மங்கினால் உலகம் எழுத்தைப் பெரிதாக்கித் தராது, மங்கலாகவே பார்த்துப் பழகு என்று அவருக்கு யாரும் உபதேசிக்கவில்லை.

பெற்றோரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் விழா நாளும் பார்த்துப் போகிறார்கள். கோலமும் வரவேற்பும் எந்தக் கல்லூரியிலும் அழகாகத்தான் இருக்கும். வேலை நாளில், மத்தியானம் மணி அடிக்கிற நேரத்துக்குப் பிள்ளையோடு போங்கள். நடைபாதையின் இரைச்சலை அவன் கேட்கட்டும். விடுதி என்றால் ஓர் அறைக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வீட்டிலிருந்து போவதென்றால் அந்தப் பேருந்தில் ஒரு முறை ஏறிப் பாருங்கள். எந்தப் பாடம் என்பதையும் அவனிடமே விடுங்கள். மனத்துக்குப் பிடித்த விஷயத்தில் மணிக்கணக்காக ஆழ்ந்துபோகிறவனை அதிலிருந்து பிய்த்து, பக்கத்து வீட்டுப் பையன் படிக்கிறான் என்பதற்காகக் கம்ப்யூட்டரில் தள்ளாதீர்கள்.

இன்னொன்று: “ஆட்டிசம் என்று வெளியே சொல்லாதே, உன் தங்கைக்கு வரன் வராது” என்று பிள்ளையின் வாயைக் கட்டுகிற வீடுகள் உண்டு. சொல்வதா வேண்டாமா என்பது பதினெட்டு வயதானவன் தானே தீர்மானிக்க வேண்டிய விஷயம். சொல்லாவிட்டால் மேலே கண்ட எந்த ஏற்பாட்டையும் உரிமையோடு கேட்க முடியாது. தங்கையின் கல்யாணத்துக்கு அண்ணனின் படிப்பைச் சீராகக் கொடுப்பது என்ன நியாயம்?

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையாருக்கு ஆட்டிசம் உண்டு. கால்நடை விஞ்ஞானத்தில் உலகப் புகழ் பெற்றவர். அவர் 1970-இல் பட்டம் வாங்கியது புராதனப் பெருமை கொண்ட சர்வகலாசாலையில் அல்ல. அவர் படித்த பள்ளிக்கூடம் இருந்த அதே ரிண்ட்ஜ் என்ற சிற்றூரில், 1962-இல்தான் தோன்றிய பிராங்க்ளின் பியர்ஸ் என்ற சின்னக் கல்லூரியில். 1989-இல் இல்லினாய் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். தெரிந்த ஊரில் சின்ன இடத்தில் தொடங்கியவர், பெரிய இடத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தார். தொடக்கத்தில் ராங்க் பார்த்திருந்தால் இந்தக் கல்லூரி யார் கண்ணிலாவது பட்டிருக்குமா?

எல்லாரும் அவரைப் போல ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ளவன் என்றால் மேதையாக இருந்தால்தான் இடம் கொடுப்போம் என்பதும் ஒரு கொடுமைதான். மற்றப் பிள்ளைகள் சுமாராகப் படித்து, சுமாரான வேலைக்குப் போய், நிம்மதியாக வாழவில்லையா? அந்தச் சுமாரான நிம்மதி இவர்களுக்கும் பாத்தியதை உள்ளதுதான்.

வருகிற ஜூனில் கல்லூரி வாசலில் நிற்கப் போகிற தகப்பனார்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. “என் பையன் இங்கே சமாளித்துவிடுவானா சார்?” என்று கைகட்டிக் கேட்காதீர்கள். “என் பையனுக்காக நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று உட்கார்ந்து கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கல்லூரிக்கு உங்கள் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.