உடை போதாது, உரிமை வேண்டும்!

தலையணை உறை ஒன்று. அதன் மூடிய முனையை வெட்டி, இருபுறமும் கை நுழைய வளைவெடுத்து, தோளில் முடிச்சிட நாடா கோத்தால், சிறுமிக்கு ஒரு சட்டை! அமெரிக்க நாட்டுத் தேவாலயக் கூடங்களில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, கூலி கேளாமல் இத்தகைய சட்டைகளைத் தைக்கின்றனர் தாய்மார் பலர். 2008-ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தில் தோன்றிய 'லிட்டில் டிரஸ்ஸஸ் ஃபார் ஆப்பிரிக்கா' என்னும் கிறித்தவ அமைப்பு, இவ்வகைச் சட்டைகளைத் திரட்டி ஆப்பிரிக்கச் சிறுமியருக்கு அனுப்பத் தொடங்கிற்று.

அந்தக் கைகளை நாம் பழிக்கவில்லை. கண்காணா நாட்டுக் குழந்தைக்காகக் கசியும் உள்ளம் கயமை உள்ளம் அன்று. ஆனால், தோழர்களே! கண்ணீரைத் துடைக்கும் கையைப் பாராட்டுவோர், அக்கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க மறுக்கலாமா? கேட்பவனைக் கல்நெஞ்சன் என்று ஏசலாமா? சட்டை தருகிறோம் என்கின்றனர். சட்டை இல்லாமற் போனது ஏன்?

ஆப்பிரிக்கா ஆடை அறியாக் கண்டமா? மாலியும் பெனினும் புர்க்கினா ஃபாசோவும் பருத்தி விளையும் நாடுகள். கானா நாட்டின் கெந்தே நெசவு உலகறிந்த கலை. எனினும், விளையும் பருத்தியில் பெரும்பகுதி பஞ்சாகவே கப்பலேறுகிறது. நூற்கும் கூலியும் நெய்யும் கூலியும் தைக்கும் கூலியும் வேற்று நாட்டுக்கு! பின்னர், உடுத்திக் கழித்த துணி மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்குகிறது. செல்வ நாடுகளில் அறத்தின் பெயரால் திரட்டப்படும் பழந்துணியில் பெரும்பங்கு ஏழையின் கையில் இலவசமாக விழுவதில்லை. வணிகரிடம் எடைக்கு விற்கப்பட்டு, ஆப்பிரிக்கச் சந்தையில் விலைக்கு விற்கப்படுகிறது. கானா மக்கள் அதற்கு இட்ட பெயர் 'ஒப்ரோனி வாவு'. செத்த வெள்ளையனின் துணி என்பது அதன் பொருள்!

விளைவு என்ன? கார்த் ஃபிரேசர் என்னும் பொருளியல் அறிஞர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு விடை கூறுகிறது. 1981 முதல் 2000 வரை ஆப்பிரிக்காவின் ஆடை உற்பத்தியில் ஏற்பட்ட சரிவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கும், அத்தொழிலில் வேலை குறைந்ததில் ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கும் பழந்துணி இறக்குமதியே காரணம் என்று அவர் கணக்கிட்டார். தைக்கத் தெரிந்த ஒரு தாய் அங்கே வேலை இழக்கிறாள். அவள் மகளுக்கு, தைக்கத் தெரிந்த வேறொரு தாய் இங்கிருந்து சட்டை அனுப்புகிறாள். இதற்குப் பெயர் கருணை!

தலையணை உறைச் சட்டை ஒரு துளி; பழந்துணி வணிகமோ கடல். துளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை நாம். துளியைக் காட்டிக் கடலை மறைப்பதையே கண்டிக்கிறோம்.

தானத்தின் தரத்தையும் பாருங்கள்! 2011-இல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியில் பிட்ஸ்பர்க் அணி தோற்றது. அந்த அணி வென்றதாக முன்கூட்டியே அச்சிட்ட பனியன்கள் உள்ளூரில் விலைபோகா. 'வேர்ல்டு விஷன்' என்னும் கிறித்தவத் தொண்டு நிறுவனம் அவற்றை ஏற்றுக்கொண்டு, ஏழை நாடுகளுக்கு அனுப்ப முற்பட்டது. ஏறத்தாழ 1,00,000 ஆடைகள்! தன் ஊரில் பொய்யென்று ஒதுக்கப்பட்ட எழுத்தை ஏழையின் மார்பில் ஒட்டுவதா அறம்?

ஏழை நாடுகள் நிமிர்ந்து நிற்க முயலவில்லையா? முயன்றன! 2016-இல் ருவாண்டா, ஒரு கிலோ பழந்துணிக்கு 20 சென்ட்டாக இருந்த சுங்கவரியை 2.50 டாலராக உயர்த்திற்று. தன் மக்கள் தைக்கட்டும், தன் மக்கள் உடுத்தட்டும் என்றது. அமெரிக்கப் பழந்துணி வணிகர்கள் முறையிட்டனர். 2018 ஜூலையில், ருவாண்டா ஆடைகளுக்கு வழங்கிவந்த வரிவிலக்கை அமெரிக்க அரசு நிறுத்திவைத்தது. உடன் நின்ற அண்டை நாடுகள் முன்னரே பின்வாங்கிவிட்டன. ஏழ்மை ஆண்டவன் எழுதிய தலையெழுத்து என்போரே, பாருங்கள்! அது மனிதன் சுங்கச் சட்டத்தில் எழுதிய எழுத்து. மனிதன் எழுதியதை மனிதன் அழிக்கலாம்.

தேவாலயத்தார் ஆடையின் பொருட்டு அநீதியை எதிர்த்த வரலாறும் உண்டு. நாம் அதை மறைப்பவரல்லர். திருவிதாங்கூரில் 1822 முதல் 1859 வரை நடந்த தோள்சீலைப் போரை நினைவுகூருங்கள். மேலாடை அணிந்ததற்காக நாடார் குலப் பெண்கள் அடிக்கப்பட்டனர். அவர்தம் ஆடை கிழிக்கப்பட்டது. மிஷனரிகள் அங்கே குப்பாயம் தைத்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. வழக்காடினர், ஆட்சியாளரிடம் முறையிட்டனர். பெண்கள் பின்வாங்கவில்லை. 1859-இல் அரச ஆணை பணிந்தது. உயர்சாதிப் பெண்டிரைப் போல் உடுத்தலாகாது என்ற வாலை விடாமலே பணிந்தது! அங்கே துணி பிச்சையாக வரவில்லை, உரிமையாக வந்தது. அதனால்தான் இன்றும் பேசப்படுகிறது.

"நாளைய நீதிக்காக இன்று குழந்தை குளிரில் நடுங்குவதா?" என்று கேட்பர். வேண்டாம்! வெள்ளமும் போரும் வீட்டை அழித்த இடத்தில் உடனே உடை கொடுங்கள். ஆனால், அந்த ஊர்த் தையற்காரரிடம் விலை கொடுத்து வாங்கிக் கொடுங்கள். கப்பற்கூலி அவருக்குக் கூலியாகட்டும். ஒரு சட்டையால் இரண்டு வீடு பிழைக்கும்.

வழிப்போக்கனின் காயத்துக்குக் கட்டுப்போட்ட சமாரியன் கதையை அவர்கள் நன்கறிவர். அவர்கள் மதத்துப் போதகர் மார்ட்டின் லூதர் கிங்கே, 1967 ஏப்ரலில் நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில், அடிபட்டவனுக்கு உதவுவது தொடக்கமே, அடி விழும் அந்தப் பாதையையே மாற்றியமைக்க வேண்டும் என்று பேசினார். அதைத்தான் நாமும் கேட்கிறோம்.

இளைஞர்களே! தானம் எங்கு நடப்பினும், தேவாலயக் கூடமாயினும் நம் கழக மேடையாயினும், இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: பெறுபவன் அடுத்த ஆண்டும் கைநீட்ட வேண்டியிருக்குமா? ஆம் எனில், அந்த அறம் இன்னும் முடியவில்லை. தைக்கும் கைகள் தைக்கட்டும். அதே கைகள், நியாயமற்ற சுங்கச் சட்டத்துக்கு எதிராகவும் உயரட்டும்!