மாதா சுரூபமும் சம்பந்தி வீடும்



இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி மாமியார், மருமகள் கதை. மீதியில் பாதி, சம்பளப் பணத்தைக் குடித்துத் தீர்க்கும் கணவன்மார் கதை. சென்ற மாதம் செந்தூலிலிருந்து வந்த கடிதம் இந்த இரண்டிலும் சேராதது.

எழுதியவர் ஒரு தாய். கணவரோடு முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்து வீடுகள் கட்டத் தொடங்கியதும், லயத்தைக் காலி செய்துவிட்டுப் பட்டணம் வந்தவர். இப்போது அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். தோட்டத்து வழக்கில் சொன்னால் 'ஆர்.சி.' மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. பையன் தமிழன், கிறிஸ்தவன், குடிப்பழக்கம் இல்லாதவன். ஆனால் மெத்தடிஸ்ட் குடும்பம். எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கும் நேரத்தில் பையனின் தாயார் ஒரு வார்த்தை சொன்னாராம்: "பொண்ணு வரட்டும். மாதா சிலை மட்டும் வர வேணாம்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்தத் தாய்க்குத் தூக்கம் இல்லை. "நாங்கள் என்ன கல்லையா கும்பிடுகிறோம்? இது கிறிஸ்தவர்களுக்குள் உள்ள சண்டையா, அல்லது அந்த அம்மாவுக்கு மட்டும் உள்ள சண்டையா?" என்று கேட்டு எழுதியிருந்தார்.

அம்மா, அது அந்த அம்மா கிளப்பியது அல்ல. ஐரோப்பாவில் அதற்கு வயது ஐந்நூறு. தமிழிலேயே முந்நூறு ஆகப் போகிறது. (நான் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று யாரும் கேட்டு எழுத வேண்டாம். பதில் வராது.)

செந்தூலை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. ரயில்வே பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. லா சாலும் கான்வென்டும் அங்கே உண்டு, மெத்தடிஸ்ட் பள்ளியும் உண்டு. பட்டறையில் ஒரே இரும்பை இரண்டு சபைக்காரர்களும் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். கத்தோலிக்கர் நடந்தது சூசையப்பர் கோயிலுக்கு. சூசையப்பர் தச்சு வேலை செய்தவர் அல்லவா? 1955-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் போப்பாண்டவர் மே முதல் நாளை 'தொழிலாளரான சூசையப்பர்' திருநாள் என்று அறிவித்தார். உழைப்பாளர் தினத்தில் ஓர் உழைப்பாளிக்குத் திருநாள். பட்டறை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அந்தச் சூசையப்பரையே மற்றவர் யோசேப்பு என்பார்கள். பழைய ஆர்.சி. வீடுகளில் அருளப்பர் என்றால், மற்ற வீட்டில் யோவான். இராயப்பர் என்றால் பேதுரு. ஒரு தோட்டத்தில் காலைப் பெரட்டில் சின்னப்பன் என்று ஒருவரும் பவுல் என்று ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெயர் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே பெயர் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது! 1995-இல் இரு தரப்பாரும் சேர்ந்து பைபிளின் பொது மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு பெயர்ச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது. சிலைச் சண்டை ஓயவில்லை.

சண்டை எதைப் பற்றி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கத்தோலிக்கர் சொல்வது: ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. புனிதர்களுக்கும் அவர்களுடைய படங்களுக்கும் செலுத்துவது மரியாதை. கி.பி. 787-இல் நைசீயா நகரில் கூடிய சங்கம் இந்த இரண்டையும் பிரித்துத் தீர்ப்புச் சொன்னது. மாதாவிடம் கேட்பது, 'எனக்காக உன் மகனிடம் பேசு' என்பதுதான். உயிரோடிருக்கும் அண்டை வீட்டுக்காரியிடம் 'எனக்காகச் செபம் பண்ணு' என்று கேட்கலாம் என்றால், கடவுளிடம் போய்ச் சேர்ந்தவரிடம் ஏன் கேட்கக் கூடாது?

மற்றவர் சொல்வது: கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்பவர் கிறிஸ்து ஒருவரே. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம், ஐந்தாம் வசனம் என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். இறந்தவர்கள் நம் குரலைக் கேட்கிறார்கள் என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்பார்கள். 1530-இல் லுத்தரன்காரர் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் அறிக்கை, புனிதர்களை நினைவுகூரலாம், அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றலாம், ஆனால் உதவிக்கு அழைக்கக் கூடாது என்கிறது. மெத்தடிஸ்ட் சபையைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி 1784-இல் தொகுத்த விதிகளில் பதினாலாவதும் இதையே மறுக்கிறது. ஆகவே, சம்பந்தியம்மா தம் மனம் போனபடி பேசவில்லை. தம் சபை படித்துக் கொடுத்ததையே பேசினார்.

வேடிக்கை என்னவென்றால், அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் பவுல், எல்லா மனிதருக்காகவும் வேண்டுதல் செய்யுங்கள் என்கிறார். கத்தோலிக்கர் விரல் வைப்பது அங்கே. இரண்டு விரலுக்கும் நடுவில் மூன்றே வசனம். இன்னொன்றும் உண்டு. இறந்துபோன எரேமியா தீர்க்கதரிசி தம் மக்களுக்காக மன்றாடுவதாக ஒரு காட்சி மக்கபேயர் இரண்டாம் நூலில் வருகிறது. அந்த நூல் ஆர்.சி. பைபிளில் இருக்கிறது, மெத்தடிஸ்ட் வீட்டுப் பைபிளில் பெரும்பாலும் இராது. ஒரு வீட்டார் காட்டும் சாட்சி மற்ற வீட்டாரின் புத்தகத்திலேயே இல்லை என்றால் வழக்கு எப்படித் தீரும்?

தமிழில் இந்த வழக்கை நடத்தியவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் சீகன்பால்கு என்னும் லுத்தரன் போதகர். அச்சுக்கூடம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர் அவர். சில ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடு வந்தவர் கத்தோலிக்கரான வீரமாமுனிவர். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் அதே வீரமாமுனிவர்தான். சூசையப்பரைத் தலைவராக வைத்து, 3,600-க்கு மேற்பட்ட பாடல்களில் 'தேம்பாவணி' பாடினார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அதே கையால் 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்' என்று தரங்கம்பாடியாரை மறுத்து நூல்களும் எழுதினார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்தச் சண்டையால் நமக்குக் கிடைத்தது நல்ல தமிழ் உரைநடை. சம்பந்தி வீட்டுச் சண்டையில் அப்படி எதுவும் கிடைப்பதில்லை.

நூல் படித்து முடிவு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் போனேன்.

முதலில் பெண் வீடு. சுரூபம் ஒரு முழ உயரம்கூட இல்லை. நீலச் சாயம் அங்கங்கே உதிர்ந்திருக்கிறது. ஒரு கை விரல் ஒடிந்து, பசை வைத்து ஒட்டியிருக்கிறது. லயத்து வீட்டில், மண்ணெண்ணெய் விளக்குக்கு மேலே, பலகையில் இருந்ததாம். அம்மாவின் தாயார் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனபோது வாங்கி வந்தது. அந்தத் திருவிழாவை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜூலை 26-ஐ ஒட்டி, தோட்டம் தோட்டமாகப் பஸ் பிடித்துப் போவோமே! நெற்றியில் திருநீற்றோடு வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 2019-இல் அந்தக் கோயிலுக்கு ரோமாபுரியிலிருந்து பசிலிக்கா என்ற தகுதியும் வந்திருக்கிறது.

"இந்தப் பொண்ணுக்கு மூணு வயசுல காய்ச்சல் கண்டு பிழைக்க மாட்டான்னுட்டாங்க, ஐயா. அன்னம்மாளுக்கு நேர்ந்துக்கிட்டேன். அவதான் காப்பாத்திக் கொடுத்தா" என்றார்.

"காப்பாற்றியது கடவுள், அன்னம்மாள் பரிந்து பேசினார் என்றுதானே உங்கள் சாமியார் சொல்வார்?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்துவிட்டார். "சாமியார் சொல்றது தெரியும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு நான் கூப்பிட்டது அவளைத்தானே!"

அன்பர்களே, மற்ற சபையார் அஞ்சுவது இந்தச் சிரிப்பைத்தான். புத்தகத்தில் 'பரிந்து பேசுபவர்' என்று இருப்பவர் லயத்து வீட்டில் 'கொடுப்பவர்' ஆகிவிடுகிறார். நேர்த்திக்கடன் செலுத்தாவிட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயப்படுகிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன். கத்தோலிக்கச் சபைக்கே இது தெரியும். 1563-இல் திரெந்து சங்கம், புனிதர்களை வேண்டிக்கொள்வது நல்லது, பயனுள்ளது என்று சொன்ன கையோடு, மூடநம்பிக்கையை ஒழியுங்கள், புனிதர் திருநாள் குடியும் கூத்தும் ஆகக் கூடாது என்றும் கட்டளையிட்டது. நம் தோட்டத்துத் திருவிழாக்களில் தேர் நிலைக்கு வருமுன்பே சிலர் நிலை தவறிக் கிடப்பதை அந்தச் சங்கத்தார் பார்த்திருக்க வேண்டும்!

அடுத்து மாப்பிள்ளை வீடு. சம்பந்தியம்மா காப்பி கொடுத்து உட்காரவைத்தார். கூடத்துச் சுவரில் வேதவசனம் எழுதிய அட்டை. அதற்குப் பக்கத்தில் காலஞ்சென்ற கணவரின் படம். பிளாஸ்டிக் மாலை, சிறிய மின்விளக்கு. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"கேட்கப் போறீங்கன்னு தெரியும், ஐயா. அவர் படத்துக்கு முன்னாடி நின்னு பேசுவேன். மகன் வேலைக்குப் போறான், உங்க தம்பி வந்துட்டுப் போனார்னு சொல்லுவேன். ஆனா இதைக் கொடுங்கன்னு அவர்கிட்ட ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கிறது ஒருத்தர்கிட்டதான்."

என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. இத்தனை நூல்களும் சங்கங்களும் சுற்றிச் சுற்றிச் சொன்னதை அந்த அம்மா ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். சிலை இருக்கிறதா இல்லையா என்பது அல்ல, கேட்கலாமா கூடாதா என்பதே விஷயம்.

அவரிடம் ஒரு பழைய செய்தியைச் சொன்னேன். 1505-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஜெர்மனியில் ஒரு மாணவன் நடந்து போகையில் பக்கத்தில் இடி விழுந்தது. பயந்து தரையில் விழுந்தவன், "அன்னம்மாளே, காப்பாற்று, நான் துறவியாகிறேன்" என்று கதறினான். அவன்தான் பின்னாளில் சீர்திருத்தச் சபைகளுக்கெல்லாம் வழி திறந்த மார்ட்டின் லுத்தர். புனிதர்களை அழைக்க வேண்டாம் என்று பிற்பாடு போதித்தவரே, இடி விழுந்த நேரத்தில் அன்னம்மாளைத்தான் அழைத்தார். சம்பந்தியம்மா இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "அப்படியா?" என்று சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பயத்துல எல்லாரும் அம்மாவைத்தான் கூப்பிடுவாங்க" என்றார். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் கருத்து மாறவில்லை. மாற வேண்டும் என்று நானும் போகவில்லை.

கடிதம் எழுதிய தாய்க்கு என் யோசனை இதுதான். சுரூபம் பெண்ணோடு போகட்டும். அது பாட்டியின் பொருள். காதுத்தோடு போகலாம் என்றால் அதுவும் போகலாம். ஆனால் கூடத்தில் வைக்க வேண்டாம், அவள் அறையில் இருக்கட்டும். மாப்பிள்ளை அதன் முன் முழந்தாளிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. அந்த வீட்டில் ஒருவரும் அவள் காதுபட 'விக்கிரகம்' என்ற சொல்லை எடுக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை இரண்டு வீட்டாரும் சுரூபத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கப் பெண் வேறு சபைப் பையனைக் கட்டுவதற்குத் திருச்சபையின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆன மட்டும் முயல்வேன் என்று பெண் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு மாப்பிள்ளைக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். இது சட்டம். மெத்தடிஸ்ட் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கச் சபை செல்லும் என்றே ஏற்கிறது. ஆகவே மாப்பிள்ளை மறுபடி முழுக வேண்டியதில்லை. ஆனால் நாளைக்குப் பிறக்கும் பிள்ளையை எந்தக் கோயிலுக்குத் தூக்கிப் போவது? இதைப் பெண்ணும் பையனும் முதலில் தனியாகப் பேச வேண்டும். பிறகு பெரியவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

போன வாரம் அந்தத் தாய் தொலைபேசியில் கூப்பிட்டார். சுரூபத்தைப் பழைய சேலையில் சுற்றிப் பெண்ணின் பெட்டியில் வைத்தாயிற்றாம். சம்பந்தியம்மா அறையில் அலமாரிக்கு மேலே இடம் ஒதுக்கி, தாமே தூசி தட்டி வைத்திருக்கிறாராம்.

"பிள்ளை விஷயம்?" என்றேன்.

"அது பொறக்கட்டும், ஐயா, பார்த்துக்கலாம்னு ரெண்டு பேரும் சொல்லிட்டோம்" என்றார்.

அதில் மட்டும் இரண்டு அம்மாக்களும் எப்படியோ ஒன்று சேர்ந்துவிட்டார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. வரும் ஞாயிறு, பூசையும் ஆராதனையும் முடிந்த பிறகு, பையனையும் பெண்ணையும் மட்டும் வரச் சொல்லியிருக்கிறேன்.