துண்டுச் சீட்டும் ஒப்பந்த நீட்டிப்பும்

ஆள் பிடிக்கும் தரகனைப் பற்றித் தமிழ் இலக்கியம் நிறையவே பேசியிருக்கிறது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் வெளிவந்தது. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் 'எரியும் பனிக்காடு' ஆயிற்று. இவற்றை வாசித்த நமக்குத் தரகனின் இனிக்கும் சொல்லும், முன்பணமும், மலையேறும் பயணமும் மனத்தில் நிற்கின்றன. மறந்துபோவது இன்னொரு நாள். ஒப்பந்தக் காலம் முடிந்து, கணக்குப் பார்த்து, ஊருக்குத் திரும்புவதா தங்குவதா என்று தீர்மானிக்க வேண்டிய நாள் அது. தரகனின் உண்மையான அதிகாரம் ஆளைச் சேர்க்கும்போது வெளிப்படுவதில்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதுதான் வெளிப்படுகிறது என்பது நம் கட்சி. அன்றைக்கு மட்டுமன்று, இன்றைக்கும் அப்படித்தான்.

இதை அருப்புக்கோட்டையிலிருந்து எழுதுகிறோம். இங்கிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை நீளும் நிலம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய கண்மாய்ப் பாசன பூமி. குண்டாற்றில் நீரைக் காட்டிலும் மணலைப் பார்த்த நாள்களே அதிகம். மிளகாய், பருத்தி, கம்பு, சோளம். மற்ற இடமெல்லாம் சீமைக் கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பதும் இங்கே ஒரு தொழில். 2018இல் ஒன்றிய அரசு வகுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டு: இராமநாதபுரமும் விருதுநகரும். இத்தகைய நிலம் விளைச்சலைக் காட்டிலும் ஆட்களையே அதிகம் வெளியே அனுப்பும். முன்பு மண்டபம் முகாம் வழியே இலங்கைக்கும், கப்பலேறி மலேயாவுக்கும் அனுப்பியது. பிறகு வளைகுடாவுக்கு அனுப்பியது. இப்போது சென்னைக்கும் பெங்களூருக்கும் பொறியியல் பட்டதாரிகளை அனுப்புகிறது.

இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளி பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதை அடைத்தால் ஆளை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு. கங்காணி அந்தச் சீட்டோடு அடுத்த தோட்டத்துக்குப் போவான். புதிய துரை கடனை அடைப்பார். ஆளும் கடனும் சேர்ந்தே இடம் மாறும். இடையில் கங்காணிக்கு ஒரு பங்கு. போதாததற்கு, அன்றாடம் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் காசு. தன் பெயரில் எவ்வளவு கடன் எழுதப்பட்டிருக்கிறது என்பது தொழிலாளிக்குத் திட்டமாகத் தெரியாது. தெரிந்தவன் கங்காணி ஒருவனே. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

நேட்டாலில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் கரையை அடைந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டு மாதக் கூலி பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே குடியமர்ந்து காய்கறி பயிரிட்டுப் பிழைக்கத் தொடங்கியதும் தோட்ட முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம் வந்தது: ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும், இரண்டும் இல்லையெனில் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங், அதாவது முதலாண்டுக் கணக்கில் ஆறு மாதக் கூலி. யாரையும் சங்கிலியால் கட்டவில்லை. கையெழுத்துப் போடாமல் இருப்பதற்கு ஒரு விலை வைத்தார்கள், அவ்வளவுதான். 1913இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்த பிறகு, 1914இல் அந்த வரி நீங்கியது.

இன்றைய நிலைக்கு வருவோம். எம் கல்லூரியில் படித்து, பிறகு கணினித் துறைக்குப் போன மாணவர்கள் விடுமுறையில் வந்து பேசும்போது இரண்டு சொற்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. ஒன்று 'கன்சல்டன்சி', மற்றொன்று 'எக்ஸ்டென்ஷன்'. பெரிய நிறுவனத்தின் கட்டடத்தில் உட்கார்ந்து, அந்நிறுவனத்தின் கணினியில், அந்நிறுவனத்தின் மேலாளர் சொல்லும் வேலையைச் செய்கிறார்கள். ஆனால் சம்பளம் தருவது வேறொரு நிறுவனம். சில வேளை அதற்கும் அடுத்து மூன்றாவதாக ஒன்று இருக்கும். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு, அல்லது பதினொரு மாதத்துக்கு. சிலரைப் 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதி, ஊதியம் என்னாமல் தொழில்முறைக் கட்டணம் என்று தருகிறார்கள். அப்படி எழுதிவிட்டால் வருங்கால வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, விடுப்பு இல்லை. வேலை மட்டும் அதே வேலை.

ஒப்பந்தம் முடியும் மாதத்தில் என்ன நடக்கிறது? பணியைத் தொடர வேண்டும் என்று மேல்நிறுவனம் முன்பே சொல்லியிருக்கும். முகவருக்கு அது தெரியும். பணியாளருக்குச் சொல்லமாட்டார். கடைசி வாரத்தில் தொலைபேசி வரும்: 'மேலிடத்தில் செலவைக் குறைக்கிறார்கள், பழைய தொகைக்கே சம்மதித்தால் நீட்டிப்பு வாங்கித் தரப் பார்க்கிறேன்.' எம் மாணவர் ஒருவருக்கு ஒரு முகவர் நிறுவனம் ஒப்பந்தத் தாளைக் கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு அனுப்பியது. இரவுக்குள் கையெழுத்திடாவிட்டால் காலையில் வாயிற்கதவு அட்டை வேலை செய்யாது என்ற குறிப்புடன். வீட்டு வாடகை, தங்கையின் படிப்புச் செலவு, ஊரில் கல்விக் கடன். இட்டுவிட்டார். மேல்நிறுவனம் அந்த முறை தொகையை உயர்த்தியே தந்திருந்தது என்பதை மூன்று மாதம் கழித்து, அங்கிருந்த மேலாளர் வாய்மொழியாகத்தான் அறிந்தார்.

இதை நம் ஊர் நெசவாளர் உடனே புரிந்துகொள்வார். அருப்புக்கோட்டையில் முதலாளியிடம் பாவும் ஊடை நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்பவருக்குத் தம் கூலி தெரியும், சேலை கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பதும் ஏறக்குறைய தெரியும். கூலி உயர்வுப் பேச்சு வரும்போது எல்லாரும் சேர்ந்து உட்காருவார்கள். கணினிப் பணியாளருக்கு அதுவும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் என்ன வாங்குகிறார் என்று கேட்பதே ஒப்பந்த மீறல் என்று தாளில் எழுதியிருக்கிறது. படித்தவன் தனியாகப் பேரம் பேசுகிறான். தறிக்காரர் கூட்டமாகப் பேசுகிறார். யார் முன்னேறியவர் என்று வாசகர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

முகவர்களே கூடாது என்று நாம் சொல்லவில்லை. திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குப் பெங்களூர் நிறுவனத்தின் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது. அதைக் காட்டுபவர் முகவர். மேல்நிறுவனம் அறுபது, தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தந்தாலும் மாதச் சம்பளத்தை முன்கூட்டித் தருகிற முகவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சேவைக்கு விலை உண்டு என்பதை ஏற்கிறோம். நம் வழக்கு விலையைப் பற்றியதன்று, அந்த விலை மறைக்கப்படுவதைப் பற்றியது. இருபக்கக் கணக்கும் ஒருவர் கையில் மட்டும் இருக்கும் பேரத்தைப் பேரம் என்று சொல்லக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? முகவரை விட்டு அதே மேல்நிறுவனத்தில் ஓராண்டு, ஈராண்டு சேரக்கூடாது என்று ஒப்பந்தங்களில் ஒரு விதி தவறாமல் காணப்படுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குப் பிந்தைய தடையை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் ஒப்பந்தக் காலத்துக்குள் விலகுபவர் தொகை கட்ட வேண்டும் என்ற விதி வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் என்ற விதி செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விரண்டின் வேறுபாடு தெரியாமல்தான் பலர் இரண்டுக்கும் சேர்த்து அஞ்சுகிறார்கள்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்கின்றன. முன்பு ஐந்தாண்டு வேண்டியிருந்தது. நல்லது. அதே வேளையில், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கை வரம்பு இருபதிலிருந்து ஐம்பதாக உயர்ந்திருக்கிறது. 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதப்பட்டவரோ இந்தக் கணக்குக்கே வெளியே நிற்கிறார். அவருக்கு இருக்கும் கருவி வேறு. உத்யம் பதிவில் சிறு சேவை நிறுவனமாகக் கட்டணமின்றிப் பதிந்துகொண்டால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி நாற்பத்தைந்து நாளுக்குமேல் நிலுவை வைப்பவர், வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். தனியாள் என்று எழுதியவரை அந்தச் சொல்லாலேயே மடக்கலாம் என்பது இதன் சுவை.

பிற நாடுகளைப் பார்ப்போம். பிரிட்டனில் 2003ஆம் ஆண்டின் விதிகள், மேல்நிறுவனம் பணம் தரவில்லை என்று காட்டி முகவர் ஊதியத்தை நிறுத்தக்கூடாது என்கின்றன. 2020 ஏப்ரல் முதல், புதிதாகச் சேரும் முகவர்வழிப் பணியாளருக்கு ஊதியமும் பிடித்தங்களும் இன்னின்னவை என்று விளக்கும் தாளை முன்கூட்டியே தர வேண்டும். ஆயினும் சொந்த நிறுவனம் வைத்து வேலை செய்பவர் 2003ஆம் ஆண்டின் பாதுகாப்பிலிருந்து விலகிக்கொள்ள வழியும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. சட்டம் எழுதும் ஊரிலும் ஓட்டை உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை (1997), பணியாளரிடம் முகவர் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கலாகாது என்ற நெறியை வகுத்தது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, மேல்நிறுவனம் ஓர் ஆளுக்குத் தரும் தொகையும் முகவர் எடுக்கும் பங்கும் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். இரண்டாவது, நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதைக் குறைந்தது முப்பது நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மூன்றாவது, ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே நான்கு நாள் வெட்டிவிட்டுப் பணித் தொடர்ச்சியை முறிக்கும் வழக்கம் செல்லாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். பல்லாண்டு வேலை வாங்கிவிட்டுத் தற்காலிகம் என்ற பெயரில் கைகழுவும் அரசு நிறுவனங்களின் போக்கை 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. தனியார் துறைக்கு அந்தக் கண்டனம் தானாகப் போய்ச் சேராது.

சட்டம் வரும்வரை கல்லூரிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. நாம் தமிழ் இலக்கியம் கற்பிப்பவர்கள். உரை எழுதுவதும், சொல்லுக்குச் சொல் பிரித்துப் பொருள் காண்பதும் நமக்குப் பழக்கப்பட்ட வேலை. இறுதியாண்டு மாணவர் முன் ஓர் ஒப்பந்தத் தாளை வைத்து, வரி வரியாகத் தமிழில் உரை சொல்ல ஒரு பருவத்தில் நான்கு வகுப்பு போதும். 'விருப்புரிமைப்படி', 'நியாயமான காலத்துக்குள்', 'இழப்பீடு' ஆகிய சொற்களுக்குள் யாருடைய விருப்பம், யாருடைய நியாயம், யாருடைய இழப்பு ஒளிந்திருக்கிறது என்று கேட்கப் பழக்கலாம். மேல்நிறுவனத்தின் மின்னஞ்சல், வேலை நேரக் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சேமித்து வைக்கச் சொல்லலாம். ஊருக்குத் திரும்பும் முன்னோர் மாணவரும் இந்த வகுப்பில் வந்து தாம் வாங்கும் தொகையைச் சொல்லட்டும். துண்டுச் சீட்டில் எழுதியிருந்த தொகை தோட்டத்துத் தொழிலாளிக்குத் தெரியாமற் போனதற்கு எழுத்தறிவின்மை ஒரு காரணம். எம் மாணவர்களுக்கு எழுத்தும் தெரியும், எண்ணும் தெரியும். அவர்களுக்குக் காட்டப்படாமல் இருப்பது சீட்டு மட்டுமே. அதைக் கேட்டு வாங்கும் துணிவைக் கற்பிப்பதும் நம் பாடத்திட்டத்துக்குள் வர வேண்டும்.