நாய்க்கும் கல் நட்ட நாடு!

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் களத்திலே விழுந்தான். கல் நட்டார்கள். அத்தோடு நிறுத்தினார்களா? இல்லை. அவனோடு நின்று, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த நாயையும் அந்தக் கல்லிலே செதுக்கினார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்திலே பொறித்தும் வைத்தார்கள்.

கவனியுங்கள் தோழர்களே! அரசன் பெயர் அந்தக் கல்லிலே எதற்காக வந்தது? ஆண்டைக் குறிப்பதற்காக! கல் நடப்பட்டதோ ஊருக்காக உயிர் கொடுத்தவனுக்கு, அவனுடைய நாய்க்கு. 1300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

நாயின் பெயரைக்கூட நன்றியோடு பொறித்து வைத்த நாடு இது. அந்த நாட்டிலே, 2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் கருகி மாண்டவர்களின் பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது? எந்தக் கல்லிலே? எந்தச் சுவரிலே? எந்த ஏட்டிலே?

அன்று சனிக்கிழமை. பிற்பகல். ஓசூரைத் தாண்டி, ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியையும் தாண்டினால் வருகிற கர்நாடக எல்லை ஊர் அத்திப்பள்ளி. நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டாசுக் கடை ஒன்றில், வண்டியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. கடையும் கிடங்கும் சேர்ந்து எரிந்தன. அன்றைக்கே 14 உயிர்கள் போயின. மருத்துவமனையில் கிடந்தவர்களில் மேலும் சிலர் பின்னர் மாண்டனர்.

மாண்டவர்கள் யார்? கடை முதலாளியா? சரக்குக்கு முதல் போட்டவரா? அல்ல. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து கூலிக்குப் போன இளைஞர்கள். தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த டி.அம்மாபேட்டை என்ற ஒரே கிராமத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் ஏழு பேர்! ஒரே ஊரிலே ஏழு வீட்டு வாசலில் சங்கு ஊதியது. ஒரே தெருவிலே பாடைக்குப் பின் பாடை போயிற்று. பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களிலே இருந்தனர். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. இன்னும் ஐந்து வாரம் உழைத்தால் கையிலே கொஞ்சம் காசு சேரும். கட்டணம் கட்டலாம், தங்கைக்குத் துணி எடுக்கலாம், தாயின் கடனிலே கொஞ்சம் தீர்க்கலாம் என்பதுதான் அந்த வயதிலே இப்படிப் போகிற பிள்ளைகளின் கணக்கு. கணக்குத் தவறானதல்ல. ஆனால், அந்தக் கணக்கை முடிக்க விடவில்லை நெருப்பு!

பாரூர்ப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நந்தி மலையிலே பிறக்கிறது பெண்ணையாறு. ஓசூர் வழியாக வருகிறது. கிருஷ்ணகிரி அணையில் தங்குகிறது. நெடுங்கல் அணைக்கட்டில் பிரிந்து பாரூர் பெரிய ஏரியை நிரப்புகிறது. அதே ஆறுதான் கீழே இறங்கி அம்மாபேட்டையையும் தொட்டுப் போகிறது. ஆற்று நீர் வடக்கேயிருந்து நம் ஊருக்கு வருகிறது. ஆளோ நம் ஊரிலிருந்து வடக்கே போகிறான்! ஏரி நிறைந்தால் நடவு, நிறையாவிட்டால் நடை. மாங்காய்ப் பருவம் முடிந்தால் மறுபடியும் கை வெறுமை. பாரூரில், போச்சம்பள்ளியில், ஊத்தங்கரையில், அரூரில் விடியற்காலை பேருந்துகளைப் பாருங்கள். தூக்குப்பாத்திரமும் துணிப்பையுமாக ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள் எத்தனை பேர்! 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது, பெரிய ஆலைகள் எழுந்தன, உண்மை. அந்த ஆலைகளின் வாயிலுக்குள்ளே நிரந்தரச் சீட்டோடு நுழைகிறவன் சிலன். வாயிலுக்கு வெளியே நின்று கிடைத்த வேலைக்குக் கிடைத்த கூலிக்குப் போகிறவன் பலன்.

அத்திப்பள்ளிக்குச் சில வாரங்களுக்கு முன்னால், அதே ஆண்டு ஜூலை 29ஆம் நாள், கிருஷ்ணகிரி பழையபேட்டையிலே பட்டாசுக் கிடங்கில் நேர்ந்த வெடிவிபத்தில் 9 பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலையில் கிருஷ்ணகிரி, அக்டோபரில் அத்திப்பள்ளி. இடையிலே எழுபது நாள். அந்த எழுபது நாளில் எல்லைச் சாலையிலிருந்த கிடங்குகளின் கதவை யார் தட்டிப் பார்த்தார்கள்?

"விதி" என்றார்கள் சிலர். "தலையெழுத்து" என்றார்கள். "அந்தப் பிள்ளைகளின் ஆயுள் அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொன்னார்கள். பிள்ளையை இழந்த தாய் அப்படிச் சொன்னால் நாம் மறுத்துப் பேச மாட்டோம். அவளுக்கு அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ஆனால் அதிகாரி சொல்லக்கூடாது! ஆள் பிடித்து அனுப்பியவன் சொல்லவே கூடாது!

விதி என்றால், அது ஏன் சரக்கு இறக்குகிறவனை மட்டுமே தேடி வருகிறது? மாளிகையின் மாடியிலே இருப்பவன் தலையில் எழுத மறந்து, மண்குடிசைப் பிள்ளைகள் ஏழு பேரின் தலையிலே ஒரே நாளில், ஒரே எழுத்தை எழுதியதா அந்த விதி? தலையிலே எழுதியதைத் தேடுவதை விட்டு, தாளிலே எழுதியதைப் பார்ப்போம். வெடிபொருள் சட்டம் 1884ஆம் ஆண்டே வந்தது, வெள்ளையன் காலத்தில். 2008இல் விரிவான விதிகள் வந்தன. எவ்வளவு சரக்கு வைக்கலாம், எப்படி வைக்கலாம், எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்றெல்லாம் வரையறை உண்டு. உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லை என்று, பார்க்க வந்த அன்றே சொன்னார் அன்றைய கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா. பார்த்த அன்றே தெரிந்த குறை, பார்க்க வேண்டியவர்கள் கண்ணுக்கு அதற்கு முன்பு தெரியவில்லை! இதன் பெயர் விதியா? விதிமீறலா?

வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறவனுக்கென்றே 1979இல் ஒரு சட்டம் வந்தது. ஐந்து பேரை வேறு மாநிலத்திலிருந்து அமர்த்தினாலே அது பொருந்தும். ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரன் உரிமம் பெற வேண்டும். தொழிலாளிக்குப் படம் ஒட்டிய கைப்புத்தகம் தர வேண்டும். உயிர்ச்சேதம் நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் அறிவிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நம் கிராமத்தில் அந்தக் கைப்புத்தகத்தைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? ஒன்றிய அரசு 2020இல் அதை மாற்றிப் புதிய தொகுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்ததாக அறிவித்தது. அதிலே ஐந்து என்பது பத்து ஆயிற்று. ஒன்பது பேரைக் கூட்டிப்போனால் அந்தப் பாதுகாப்பு இல்லை! பண்டிகைக் காலக் கடைக்கு ஏழெட்டுப் பேராக ஒரு வண்டியிலே போகிற நம் பிள்ளைகள் அந்தச் சட்டத்தின் கண்ணிலே மனிதர்களாகவே எண்ணப்பட மாட்டார்கள்!

துன்பம் நேர்ந்தபின் துடைக்கக் கை நீளவில்லை என்று நாம் சொல்லவில்லை. அன்றைய தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் குடும்பத்துக்கு 3 இலட்சம் அறிவித்தார், அமைச்சர்களை அனுப்பினார். கர்நாடக அரசு 5 இலட்சம் அறிவித்தது. தேவையான உதவி. ஆனால் தொகை அறிவிக்கப்பட்டதும் ஊர்ப்பேச்சு தொகையைப் பற்றியதாகிவிடுகிறது. "எட்டு இலட்சமாம்" என்கிறார்கள். பிள்ளையின் பெயர் போய், பிள்ளையின் விலை நிற்கிறது! அடுத்த பண்டிகைக்கு அடுத்த வண்டி வந்து நிற்கிறது. அதிலே அடுத்த பிள்ளை ஏறுகிறான்.

இதை உடைக்க வழி என்ன? உலகம் ஒரு வழி காட்டியிருக்கிறது.

1911ஆம் ஆண்டு மார்ச் 25. அதுவும் ஒரு சனிக்கிழமை. நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற தையல் ஆலையில் தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலும் இளம்பெண்கள், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த ஏழைகள். முதலாளிகள் இருவரும் வழக்கு மன்றத்தில் விடுதலையானார்கள். ஆனால் தொழிலாளர் விடவில்லை, ஊர்வலம் போனார்கள், விசாரணைக் குழு அமைக்க வைத்தார்கள், தொழிற்சாலைச் சட்டங்கள் வரிசையாகப் பிறந்தன. இன்றைக்கும், ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 25ஆம் நாள், அந்த நகர மக்கள் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். இறந்த பெண் வாழ்ந்த வீடு எதுவோ, அந்த வாசலுக்குப் போய்த் தரையிலே அவள் பெயரை எழுதுகிறார்கள், வயதை எழுதுகிறார்கள். மழை அழிக்கும், மறு ஆண்டு மறுபடி எழுதுவார்கள். அவர்கள் அத்தனை பேரின் பெயரையும் எஃகிலே பொறித்து நினைவுச் சின்னம் திறக்கப்பட்ட நாள் எது தெரியுமா? 2023 அக்டோபர் 11! அத்திப்பள்ளியில் நெருப்பு எரிந்த நான்காம் நாள்! 112 ஆண்டு கழித்தும் அங்கே பெயரைப் பொறித்தார்கள். இங்கே நான்கே நாளில் நாளேட்டின் முதல் பக்கத்திலிருந்து நம் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள்.

வாசலிலே எழுதுவது நமக்குப் புதிதா? நாள்தோறும் நம் தாய்மார் கோலம் போடுகிற வாசல் அல்லவா அது!

பெயரின் வலிமை நம் இயக்கத்துக்குத் தெரியாததல்ல. 1939ஆம் ஆண்டு சனவரி 15இல் மாண்டான் நடராசன். மார்ச் 12இல் மாண்டான் தாளமுத்து. இருவரும் எளிய வீட்டுப் பிள்ளைகள். கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்றவர்கள். பதவி உண்டா? இல்லை. பணம் உண்டா? இல்லை. ஆனால் அந்தப் பெயர்களை நாம் விடவில்லை. மேடைதோறும் சொன்னோம், பந்தல்தோறும் எழுதினோம், இன்று சென்னை எழும்பூரில் அரசு மாளிகையின் பெயரே தாளமுத்து நடராசன் மாளிகை! பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் ஒரு தலைமுறை தலை நிமிர்ந்தது. மொழிக்காக மாண்டவனுக்குச் செய்ததை, மூட்டை தூக்கி மாண்டவனுக்கும் செய்ய வேண்டாமா? மொழி பேச வாய் வேண்டும். வாய்க்குச் சோறு வேண்டும். சோற்றுக்காக எல்லை தாண்டியவன் இவன்!

ஆகவே கிளைக்கழகத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. திதி வேண்டாம்; தர்ப்பை வேண்டாம். படத்திறப்பு நடத்துங்கள். தலைவர்கள் படத்தை மட்டும் திறந்தால் போதாது. வேலைக்குப் போன இடத்தில் மாண்ட உங்கள் ஊர்க்காரன் படத்தைத் திறவுங்கள். அவன் எப்படிப்பட்டவன், எந்த ஆட்டத்தில் கெட்டிக்காரன், எந்த வகுப்புவரை படித்தான், யாருக்கு உதவினான் என்று அவனை அறிந்தவர்களைப் பேச வையுங்கள். வீட்டார் இசைந்தால், பெயரைக் கழகக் கொடிக் கம்பத்தின் மேடையிலே பொறியுங்கள். அந்தக் காலத்தில் கல்லைத் தேர்ந்தார்கள், கொண்டுவந்தார்கள், நீராட்டினார்கள், நட்டார்கள், படைத்தார்கள், வாழ்த்தினார்கள். ஒரு கல்லை நட ஊரே கூடியது. இன்று ஊர் கூடட்டும்!

இரண்டாவது வேலை, இருப்பவர்களுக்கானது. படிப்பகத்திலே ஒரு குறிப்பேடு வையுங்கள். ஊரைவிட்டு வேலைக்குப் போகிறவன் பெயர், போகிற இடம், கூட்டிப்போகிறவன் பெயர், முதலாளி முகவரி, தொலைபேசி எண் எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். அத்திப்பள்ளி போன்ற இடத்திலே உடல் எது, யாருடையது என்று தெரியாமல் தாய் தவிக்கும்போது, அந்த நோட்டு அரசாங்கக் கோப்பைவிடப் பயன்படும். ஆள் பிடிக்க வருகிறவனும், பெயர் எழுதுகிற ஊர் என்று தெரிந்தால் கொஞ்சம் அஞ்சுவான். பதினெட்டு வயது நிரம்பாதவனை வெடிபொருள் வேலைக்கு அழைத்தால், அது சட்டப்படி குற்றம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள், வண்டியை மறியுங்கள்.

மூன்றாவது, நமக்கு நெருக்கமான செய்தி. தலைவர் வந்தால் வெடி, வேட்பாளர் வந்தால் வெடி, வென்றால் வெடி, பத்தாயிரம் வாலாச் சரம் பத்து! எந்தக் கட்சியானாலும் இதுதான் வழக்கம். அத்திப்பள்ளிக்குப் பிறகு கர்நாடகத்தில் அரசியல் ஊர்வலங்களில் பட்டாசு கூடாது என்று அறிவித்தார்கள். நமக்கு அரசாணை வேண்டுமா? அந்தச் சரத்தை வண்டியிலிருந்து இறக்கிய கை யாருடைய கை? சிவகாசியில் அதைத் திரித்த விரல் யாருடைய விரல்? "பட்டாசு இல்லையென்றால் சிவகாசித் தொழிலாளி பட்டினி கிடப்பான்" என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தொழிலை மூடச் சொல்லவில்லை நாம். தொழிலாளி உயிரோடு வீடு திரும்பும் வகையில் செய், வை, விற்றுக்கொள் என்கிறோம். அதைச் சொல்லும் தகுதி, தெருவெல்லாம் வெடிக்காகிதம் சிதறவிடும் கட்சிக்கு எப்படி வரும்? அந்தச் சரத்தின் விலையைத் தலைவர் வரவேற்பிலே மிச்சப்படுத்தி, மாண்டவன் தங்கையின் படிப்புக்குக் கட்டுங்கள். அதைவிடப் பெரிய முழக்கம் ஏது?

எடத்தனூர்க் கல்லை நட்டவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நாளேடு இல்லை, சட்டமன்றம் இல்லை, கட்சி இல்லை. உளி இருந்தது; நன்றி இருந்தது. கோவிவனை மறக்கவில்லை அவர்கள். நமக்கு எல்லாம் இருக்கிறது.

அம்மாபேட்டையின் ஏழு பேருக்கும் பெயர் உண்டு. உங்கள் ஊரிலும் அப்படி மாண்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் பெயர் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்தில், முதல் வேலையாக அந்தப் பெயர்களை எழுதுங்கள்!