கழுவிய கேரட் காத்திருக்காது

ஐப்பசி மழை. கோவையில் காலை ரயிலைப் பிடிக்க, ஊட்டியிலிருந்து இருட்டிலேயே காரில் கிளம்பியிருந்தோம். குன்னூர் தாண்டி பர்லியாறுக்கு மேலே வண்டிகள் வரிசையாக நின்றன. மண்சரிவு.

எங்களுக்கு முன்னால் ஒரு மினி லாரி. உள்ளே கேரட் மூட்டைகள். டிரைவர் தம்பி இறங்கி வந்து சாலையைப் பார்ப்பார், போனில் மணி பார்ப்பார், மறுபடி ஏறிக்கொள்வார்.

"என்ன தம்பி, அவ்வளவு அவசரமா?"

"மேட்டுப்பாளையம் மண்டியில ஏலம் முடிஞ்சிரும்க்கா. விட்டா நாளைக்குத்தான். சரக்கு எங்க மாமாவோடது."

நாளைக்கு விற்றால் என்ன என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. காலை ஏலத்துக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்பதால் நீலகிரியில் பல இடங்களில் ராத்திரியில்தான் கேரட் பிடுங்குகிறார்கள். தலையில் டார்ச் லைட், விரலை விறைக்க வைக்கும் குளிர், காட்டெருமை வருமோ கரடி வருமோ என்ற பயம். பிடுங்கியதை மெஷினில் கழுவி மூட்டை கட்டுகிறார்கள். மண்ணோடு இருக்கும் கேரட் சில நாள் தாங்கும். கழுவியது சீக்கிரம் வாடிவிடும், ஈரத்தில் அழுகவும் செய்யும். ஆனால் பளபளவென்று இருந்தால்தானே நாம் கையில் எடுக்கிறோம்!

குன்னூரிலிருந்து கல்லாறு வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழியும் உண்டு, சுற்று. அடைமழையில் அந்த மலையும் சரியும். 2009 நவம்பரில் சரிந்தபோது நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

"ஆளுக்கூலி, கழுவுகூலி எல்லாம் கொடுத்தாச்சு. வண்டி வாடகையும் மண்டி கமிஷனும் எப்படியும் போயிரும். மிச்சம்தான் மாமாவுக்கு" என்றார் தம்பி.

இதே மண்சரிவைக் காரணம் காட்டி மறுநாள் சென்னையில், "வரத்து கம்மிம்மா" என்று கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றுவார்கள். நாமும் முணுமுணுத்தபடி கொடுப்போம். அதில் ஒரு ரூபாய்கூட வழியில் மாட்டிய சரக்குக்காரருக்குப் போகாது.

ஜே.சி.பி. வந்து ஒரு பக்கம் வழி விட்டபோது மணி ஒன்பதரை. என் ரயில் எப்போதோ போயிருந்தது. தம்பி ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் மறைந்தார்.

மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். எதிரே மண்டி வாசலில் அதே லாரி. மூட்டை இறங்கவில்லை. அவர் போனைக் காதில் வைத்தபடி, "இல்ல மாமா... இல்ல மாமா..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.